ஊசி ஈ புகுந்த வருடம்

மதினி,

இன்று காலை பக்கத்து வீட்டில் மல்பெரிச் செடியை வெட்டினார்கள். அந்தப் பச்சை வாசம் வந்ததும் எழுந்துபோய் சன்னலைச் சாத்திவிட்டேன். நாற்பது வருடம் கழித்தும்!

மேலநீலிதநல்லூரில் நாம் பட்டுப்புழு வளர்த்த காலம். கணவர் போனபின், தம்பியானாலும் என் வீட்டுக்காரர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்ற வைராக்கியம் உங்களுக்கு. சொந்தமாய்ச் சம்பாதிக்க, அவரிடம் கேட்டுக் கேட்டு அவருடைய கொட்டகையை மட்டும் வாங்கினீர்கள். நான் ஒத்தாசைக்கு வந்தேன்.

புழுக்கள் கடைசித் தோலை உரித்து, விரல் பருமனுக்கு வந்திருந்தன. ஒரு மத்தியானம் நீங்கள் இலை பறிக்கப் போயிருந்தபோது, புழுக்கம் தாங்காமல் சன்னல் வலையை அவிழ்த்துவிட்டேன். சாம்பல் நிற ஈக்கள் நாலைந்து உள்ளே சுற்றின. ஈதானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் புழுக்களின் மேல் கறுப்புப் புள்ளிகள்.

“ஏட்டி, அந்தப் பிளேடை எடு” என்றீர்கள். ஒன்றைக் கீறினீர்கள். உள்ளே இரண்டு வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. நான் அலறிவிட்டேன். அதைவிட என்னை உலுக்கியது தட்டில் இருந்த மற்றொன்று. அதே புள்ளியோடு, ஒன்றும் நடக்காததுபோல் இலையை மென்றுகொண்டிருந்தது.

பட்டு ஆபீஸர் வந்து பார்த்தார். “இது ஊசி ஈம்மா. மேல முட்டை வைக்கும். பொரிச்ச புழு தோலைத் துளைச்சு உள்ள போயிரும். இந்தக் கறுப்புப் புள்ளி வழியாத்தான் அது மூச்சு விடுது. ரத்தத்தையும் கொழுப்பையும் தின்னு வளரும். பட்டுப்புழு உடனே சாகாது. கூடு கட்டத்தான் தெம்பு இருக்காது. கட்டினாலும் ஓட்டை போட்டு வெளிய வந்துரும்.”

பிறகு கேட்டார்: “வலையைத் திறந்தது யாரு?”

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நான் குனிந்து தட்டை நகர்த்தினேன்.

“நாந்தான். காத்து வரட்டும்னு திறந்தேன்” என்றீர்கள் நீங்கள்.

ஆபீஸரும் அவரும் போனதும் உங்கள் கையைப் பிடித்தேன். “விடுட்டி. நீ இந்த வீட்டுல இருக்கணும்லா” என்றீர்கள்.

அடுத்த வாரம் கூடுகளில் வட்ட வட்டமாய் ஓட்டை. தரையெல்லாம் ஈயின் புழு. கூட்டி அள்ளிக் கொளுத்தினோம். உங்கள் தம்பி கொட்டகையைப் பூட்டினார், உங்களோடு பேச்சையும் விட்டார். நீங்கள் ராயகிரிக்குப் போய் வயல் வேலை பார்த்தீர்கள். ஐந்து வருடம், நல்லது கெட்டதுக்குக்கூட அவர் உங்கள் வாசல் மிதிக்கவில்லை. நான் தினமும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

பிறகு நீங்கள் இறந்த செய்திதான் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பஸ்ஸில் திரும்பும்போது அவரிடம் சொன்னேன்.

“அக்கா இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதாட்டி?”

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சங்கரன்கோவில் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தொட வேண்டியிருந்தது.

அவரும் இப்போது இல்லை, மதினி. கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது.