பார்சலில் வந்த மரப் பாதங்கள்

அன்பு மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நீயும் மருமகளும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அதில் ஒருத்தி எப்படி நடமாடுகிறாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. எனக்குக் கையெழுத்துகூட வராது என்பது உனக்குத் தெரியும், மாடி வீட்டுத் தையல்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுதித் தருகிறார். போனில் சொன்னால் என்ன என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே "எங்களுக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கோம், நீ சாப்பிட்டியா" என்று முடித்துவிடுகிறாள்.

நீ அனுப்பிய பார்சல் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. மடக்கி விரிக்கிற செருப்பு ஸ்டாண்டு, பிரஷ், குனியாமல் ஷூ மாட்டிக்கொள்ள நீளக் காம்பு வைத்த கரண்டி, உள்ளே போடுகிற மெத்தை, கால் வெடிப்புக்குக் கிரீம், எல்லாம் இருந்தது. பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் எனக்குப் பழைய வீடு ஞாபகம் வந்துவிட்டது. லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு ஷூ முக்கியம், உள்ளே ஏறுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், தரையைத்தான் பார்ப்பார்கள், அதனால் தினமும் என் ஷூ பளபளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே நீயும் நானும் உட்காருவோம், இறுகிப்போன பாலிஷ் டப்பாவை உன் அம்மா அடுப்போரம் வைத்து இளக்கிக் கொடுப்பாள், கிழிந்த சாக்ஸால் கடைசித் தேய்ப்பு உன்னுடையது. மழையில் நனைந்த ஷூவுக்குள் நான் செய்தித்தாளைத் திணித்தபோது, அதுக்குப் பசிக்குதாப்பா என்று கேட்டாயே, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது. உனக்கு எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம், முனையில் காகிதப் பந்து வைத்து. அந்தப் பந்தை உன் அம்மா வெளியே எடுக்கிற நாள்தான் எங்களுக்கு நீ வளர்ந்த நாள், எடுத்த பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

அவளுடைய சட்டம்தான் உனக்குத் தெரியுமே, வெளியே போட்டது வாசல்படி தாண்டக் கூடாது. ஒருநாள் ஷூ மாட்டிய பிறகு ஜாமெட்ரி பாக்ஸை மறந்துவிட்டாய் என்று, ஷூ இரண்டையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு முழங்காலாலேயே உள்ளே தவழ்ந்து போய் எடுத்து வந்தாய். திட்ட வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டாள், அப்புறம் முழங்கால் தேய்ந்த கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டதும் அவள்தான். அந்தச் சட்டம்தான் இப்போது வினையாகிவிட்டது, பதறாமல் கேள். பார்சல் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தரையில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக இருந்தது, அவள் ஏதோ சாறு சிந்தியிருக்கு என்று துணியை எடுத்துத் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டு நகர நகரப் புதுச் சொட்டு விழுகிறது. உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தால் காலண்டர் மாட்டுகிற குத்தூசி உள்ளங்காலில் தலைவரைக்கும் இறங்கியிருக்கிறது. காலையிலிருந்து அதோடுதான் சமைத்திருக்கிறாள், தெரியவே இல்லை. சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது, வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, புண் ஆழமாகப் போனால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் கட்டுப் போட்ட காலோடு மறுபடி வெறுந்தரையில் நிற்கிறாள். கேட்டால் "நான் கட்டிக் காப்பாத்துன வீட்டுல நானே செருப்போட திரியணுமா, போய் வேலையப் பாருங்க" என்கிறாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள், நான் என் தலையைத்தானே பணயம் வைத்தேன், போகட்டும்.

பார்சல் வந்தபோது நான் முடிவெட்டப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் இரண்டு மரப் பாதம். என் தோல் ஷூ மடங்கிப்போகிறது என்று நீ வந்திருந்தபோது சொன்னேனே, அது வடிவம் கெடாமல் இருக்க உள்ளே வைக்கிற கட்டை அனுப்பியிருந்தாயே, அதுதான். அவளுக்கு அது என்னவென்று யார் சொல்வது. "டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதோ சொல்லிட்டாரு, நீங்க பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்க, அவன் முன்கூட்டியே அனுப்பிட்டான், ரெண்டு காலுமா போகப் போகுது" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது, அவள் முந்தானை முழுக்க ஈரம். ஷூவைக் கொண்டுவந்து கட்டையை உள்ளே தள்ளிக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டாள். அப்போதுதான் அவள் வாயிலிருந்து உண்மை வந்தது. ரொம்ப நாளாகவே கணுக்காலுக்குக் கீழே யாருடைய காலோ மாதிரி இருக்கிறதாம், தரை சூடா குளிர்ச்சியா என்றே தெரிவதில்லையாம், சொன்னால் வெட்டிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரி, இனி கெஞ்சிப் பயனில்லை என்று, மறுநாள் காலையில் நீ அனுப்பிய கரண்டியை வைத்து அந்தத் தோல் ஷூவை மாட்டினேன், லேஸும் கட்டினேன், டக் டக்கென்று நேரே அடுப்படிக்கே போய் நின்றேன். அவள் போட்ட சத்தத்தில் தையல்கார அம்மாவே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கிழட்டு வயசுல புத்தி பேதலிச்சுப் போச்சா, கழட்டுங்க மொதல்ல" என்றாள். நீ செருப்பைப் போடு, நான் இதைக் கழற்றுகிறேன் என்றேன். ஷூவோடு சாப்பிட்டேன், ஷூவோடு கட்டிலில் படுத்தேன். விரிப்பைப் பார்த்ததும்தான் இறங்கிவந்தாள், அதிலும் ஒரு நிபந்தனை, வாசல் வழியாக வந்தால் அது வெளிச்செருப்பாம். அதனால் புதிதாக வாங்கிய மெத்துச் செருப்பை நான் சந்துப் பக்கம் சுற்றிப்போய் அடுப்படி ஜன்னல் வழியாக நீட்டினேன், அவள் உள்ளேயிருந்து வாங்கிக்கொண்டாள். சந்தில் போனவர்கள் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நீ அனுப்பிய மெத்தையைத் தையல்கார அம்மா அளவுக்கு வெட்டி உள்ளே பொருத்திக் கொடுத்தார்.

புண் வாய் மூடிவருகிறது, டாக்டர் பயமில்லை என்றுவிட்டார். ஆனால் தினமும் உள்ளங்காலைப் பார்த்தே ஆக வேண்டும், அவளால் குனிய முடியாது, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் காலை என் மடியில் வைத்து நான்தான் பார்க்கிறேன். வெட்கப்பட்டு இழுத்துக்கொள்கிறாள். ஊரில் உள்ளவன் ஷூவையெல்லாம் வருஷக்கணக்கில் பார்த்தவன் நான், இவள் உள்ளங்காலை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு முன்னால் எழுந்து, எனக்குப் பின்னால் படுத்த கால், நான் பார்க்கிற அளவுக்கு அது எப்போது ஓய்ந்து நின்றது. குதிகால் முழுக்க வெடிப்பு. நீ அனுப்பிய கிரீம் டப்பாமேல் மருமகள் எனக்கென்று எழுதியிருந்தாளாம், அதையும் இவளுக்கே போட்டுவிடுகிறேன்.

நீ ஈர சாக்ஸோடு ஷூ போடாதே, ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாதே, மருமகளையும் நின்றே வேலை செய்யவிடாதே. இரண்டு பேரும் நூறு வயதுவரை நடக்க வேண்டும். போனில் அவளிடம் குத்தூசி என்ற பேச்சே எடுக்காதே, செருப்பு மெத்தென்று இருக்கிறதா என்று மட்டும் கேள். முன்பெல்லாம் அவள் பின்னால் வந்து நிற்பதே தெரியாது. இப்போது மாடிப்படியில் அந்தச் செருப்பு சரக் சரக்கென்று கேட்கிறது, சட்டத்தையும் மறந்து என்னைத் தேடித்தான் ஏறி வருகிறாள். தையல்கார அம்மா தாளைத் துணிக்கடியில் தள்ளப் பார்க்கிறார், முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா (கைநாட்டு)