இளவரசிக்கு நீலம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து ஆடிக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண். பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிய மூன்று நாள். இன்னும் தானாக உட்காரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா: "உக்காருவா. நீ செத்த நேரம் சும்மா இரு."

நான் சும்மா இருக்கத்தான் கல்லூரித் தோழி ஸ்டெல்லா ஒரு புத்தகம் வாங்கினாள். பெரியவர்கள் வண்ணம் தீட்டும் புத்தகம். அரண்மனை, பல்லக்கு, மாடத்தில் இளவரசி. கல்லூரி விடுதியில் நாங்கள் பார்த்த ராஜா காலத்துக் காதல் சீரியலின் படங்கள். இடப்பக்கம் அவள் தீட்டுவாள், வலப்பக்கம் நான். அவள் வேடசந்தூரில் டீச்சர். இவருக்கும் அங்கே மில்லில் வேலை. புத்தகம் மில் பஸ்ஸில் இவருடைய சாப்பாட்டுப் பையோடு போய்வருகிறது. "ரெண்டு படிச்ச பொம்பளைகளுக்கு நான் போஸ்ட்மேன்" என்கிறார்.

பென்சில் இருபத்து நான்கு. எண்ணி, அலமாரி மேல்தட்டில். பாப்பா எதையும் வாயில் வைப்பாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கடைசிப் பக்கம் என் பங்கு. பாப்பா தூங்கிய நேரத்தில் முடித்தேன். கோட்டை வாசலைவிட்டு வெளியேறும் இளவரசி. தீட்டத் தீட்ட விடுதி டிவி அறை ஞாபகம். ஒரே டிவி, அறுபது பேர், ஈரத்தலையோடு தரையில். தளபதி குதிரையில் வந்தால் ஸ்டெல்லா என் கையைக் கிள்ளுவாள். கடைசிப் பகுதி வந்த அன்றுதான் விடுதியைக் காலி செய்தோம். பஸ் ஸ்டாண்டில் சத்தியம்: சேர்ந்துதான் பார்க்க வேண்டும், தனியாகக் கூடாது. ஆறு வருடம் ஆயிற்று.

வாங்க: டயபர், ரவை. இவர் சட்டைக்குப் பொத்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புத்தகம் காலையில் போய்விட்டது. பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. இளவரசிக்கு நீலம் அடித்திருக்கிறேன். சீரியல் முழுக்க அவளுக்குச் சிவப்புப் பட்டு. நீல நூல் சேலை கடைசிப் பகுதியில் மட்டும். ஏன் சிவப்பில்லை என்று கேட்டே, நான் தனியாகப் பார்த்துவிட்டதை ஸ்டெல்லா கண்டுபிடித்துவிடுவாள்.

இவருக்குப் போன் போட்டேன். "குடுத்துறாதீங்க."

"ஸ்கூல் கேட்டுலயே குடுத்துட்டேனே. என்னவாம்?"

ஒன்றுமில்லை என்றேன். எல்லாரும் பிள்ளையைத்தான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்பவள் ஸ்டெல்லா ஒருத்தி. இவளும் போய்விட்டால்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாப்பாவுக்குச் சளி இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன். மதியம் ஸ்டெல்லா அழைத்தாள்.

"ஏன்டி, இளவரசிக்கு நீலம்?"

"சிவப்புப் பென்சில் மொட்டையாயிருச்சு."

"கத விடாத. ஓரத்துல மஞ்சக்கோடு வரைக்கும் அப்படியே போட்டிருக்க."

"அப்படியேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மாட்டிக்கொண்டது அவளும்தான்.

பாலசமுத்திரத்தில் என் கல்யாணம் முடிந்து திரும்பும்போது, பழனி பஸ்ஸில், போனில் பார்த்தாளாம். "ஒட்டன்சத்திரம் வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இனி நீ எங்க எங்கூட உக்காந்து பாக்கப்போறன்னு நெனச்சேன். நீ எப்பப் பாத்த?"

சொன்னேன். பாப்பா பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த மூன்று நாள். என்னை உள்ளே விடவில்லை. பிழைப்பாளா என்று யாரையும் கேட்கப் பயம். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பகுதி. எதற்காவது ஒரு முடிவு தெரிந்தால் போதும் என்றிருந்தது. இவரிடம்கூடச் சொன்னதில்லை.

"அன்னிக்கு என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல."

"கூப்பிட்டா அழுதிருப்பேன்டி."

"அழுதா என்ன. போனை வைக்காம கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

அந்தப் பக்கம் ஸ்கூல் மணி அடித்தது. அவள் வைக்கவில்லை.