இந்த வருஷம் குளிர் வரவில்லை

லிமா, செப்டம்பர் 17

என் நெலிதாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே மிலானில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பு நோகாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுத வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் மூன்று வாரமாகச் சொல்லப் பார்க்கிறேன். நீ அழத் தொடங்குகிறாய், நான் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தொமித்திலாவின் தங்கை வியாழக்கிழமை அந்தப் பக்கம் விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி. போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம், அம்மா மே மாசமே கம்பளி கேட்டாங்க, ஆகஸ்டுல அனுப்புறேன்னு நான்தான் தள்ளிப்போட்டேன், நான்தான்பா அம்மாவைக் குளிர்ல சாக விட்டுட்டேன் என்றாய். வேலையை விடப் போவதாகவும், அக்டோபர் ஒன்பதாம் தேதி தங்கும் அனுமதிக்காகக் கூப்பிட்டிருப்பதற்கும் போகப் போவதில்லை என்றும் சொன்னாய். நாலு வருஷம் அடுத்தவர் வீட்டுக் கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டி, இடுப்பொடிந்து வாங்கப் போகிற காகிதம் அது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வரப் போகிறாய், அதுவும் ஒரு பொய்யை நம்பி. பொய் சொன்னது நான். உன் அம்மா குளிரில் சாகவில்லை.

இந்த வருஷம் குளிரே வரவில்லை, நெலிதா. ஜூன் பிறந்தால் நம் வானம் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும். கழுதை வயிறு மாதிரி ஒரே சாம்பல், நாலு மாதத்துக்கு நிழலே விழாது. மெத்தை ஈரம், உப்பு கட்டி, சுவரெல்லாம் பூஞ்சை, துவைத்த துணி காயாமலே நாறும். மலைமேல் இருக்கிற நமக்கு இருமல், கீழே கடற்கரை மாடிகளில் இருக்கிறவர்களுக்குச் சோம்பல், அதுதான் லிமாவின் குளிர்காலம். இந்த ஜூனில் வானம் நீலமாகவே நின்றது. ஜூலை சுதந்திர நாளுக்குக் கூரைகளில் ஏற்றிய கொடிகள் வழக்கமாக நனைந்த துணியாகத் தொங்கும், இந்த முறை வெயிலில் படபடத்தன. எல்லாருக்கும் சந்தோஷம். தொமித்திலா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பணக்காரங்க வெயில் காயணும்னா காரெடுத்துக்கிட்டு சோசிக்காவுக்கு ஓடுவாங்க, நமக்குப் பாரு எல்சிரா, வாசலுக்கே வந்து நிக்குது என்றாள். உன் அம்மா, நமக்கு எதுடி சும்மா வந்துருக்கு, பொறு, பின்னாடி பில்லு வரும் என்று சிரித்தாள். மூடுபனியைப் பிடித்துத் தண்ணீராகச் சொட்ட வைக்க மலையுச்சியில் நாங்கள் கட்டிய பனிவலைகள் மட்டும் வறண்டு கிடந்தன. பனி இறங்கினால் மலையெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் அமான்காய்ச் செடி பூக்கவில்லை, ஒரு புல் முளைக்கவில்லை. ஆனாலும் ஜூன் இருபத்துநாலு, புனித ஜுவான் திருநாளன்று வழக்கம்போலப் பீப்பாய் மூடிகளைக் கழற்றி, பீப்பாய்களை வலைக்குக் கீழே வரிசையாக வைத்தோம். நம் வீட்டு மூன்று பீப்பாய்களின் மூடிகளையும் நான்தான் கழற்றினேன். பனி சொட்டவில்லை. லாரித் தண்ணீர் வந்தபோது அதையே அவற்றில் பிடித்து வைத்தோம். நாளைக்குப் பனி இறங்கும், நாளை மறுநாள் இறங்கும் என்று மூடியைத் திரும்பப் போடவில்லை. கோடையில் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, கொசுவுக்காக மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். குளிர்காலத்தில் மூடுகிறவன் இந்த மலையில் உண்டா? லிமாவின் ஜூலைக்கும் கொசுவுக்கும் சம்பந்தமில்லை என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரியும் என்று நினைத்ததுதான் வினை.

சுதந்திர நாளுக்கு மறுநாள் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. எலும்பெல்லாம் அடிச்சு நொறுக்கின மாதிரி இருக்கு அபெலினோ என்றாள், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். குளிர்காலத்தில் காய்ச்சல் என்றால் நம் வீட்டில் என்ன செய்வோம்? யூகலிப்டஸ் இலை வேகவைத்து ஆவி பிடிக்க வைத்தேன், முதுகில் தைலம் தேய்த்தேன், இருக்கிற போர்வையெல்லாம் போர்த்தினேன். கடையில் சில்லறையாக ஆஸ்பிரின் வாங்கி, காலை இரண்டு மாலை இரண்டு என்று மூன்று நாள் கொடுத்தேன். மலையடி மருத்துவ நிலையத்துக்கும் கூட்டிப் போனேன். வரிசையில் நாலு மணி நேரம். மேசைக்காரி தலையைத் தூக்காமலே, மேல இருந்து வர்றீங்களா, மேல எல்லாருக்கும் இதேதான், குளிர்காலக் காய்ச்சல், போய் மூடிப் படுங்க என்றாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே அவள் குளிர்காலம் என்கிறாள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. உன் அம்மா எழுந்து தலை சீவினாள். தெருவே சேர்ந்து சமைக்கிற பொது அடுப்புக்குப் போய் உருளைக்கிழங்கு தோல் சீவப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். தொமித்திலா அவளைப் பார்த்து, செத்தவ எந்திரிச்சு வந்துட்டாடியோய் என்று கேலி பண்ணியிருக்கிறாள். அந்த வார்த்தையை நினைத்து நினைத்து இன்று வரை அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கிழங்குக் கூடை பாதி முடிவதற்குள் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், ஈறில் ரத்தம். போர்வையில் படுக்க வைத்து இருநூற்றுப் பத்துப் படி இறக்கினோம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கட்டில் இல்லை, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நெலிதாகிட்ட இப்ப சொல்லாத, வேலையில இருப்பா என்றாள். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். மதியம் மூன்று மணி. நுரையீரல் காய்ச்சல் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நான் அதை நம்பினேன், நம்பித்தான் உன்னிடம் சொன்னேன். அதுவரை பொய் இல்லை.

ஆகஸ்டு கடைசியில், ஆஸ்பத்திரியில் அவளிடம் எடுத்த ரத்தத்தின் சோதனை முடிவு வந்தது. டெங்கு. மலையில் அதற்குள் பதினோரு பேருக்கு. மருந்தடிக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களின் மேற்பார்வையாளன் நம் பீப்பாயில் டார்ச் அடித்துக் காட்டினான், தண்ணீரில் புழுப்புழுவாய் நெளிந்தது. மூடி வெக்கச் சொன்னோமா இல்லையா, உங்க ஜனத்துக்கு எத்தனை தடவை சொன்னாலும் சுத்தம் வராது என்றான். குழாயில தண்ணி விடு, நான் எதுக்குய்யா பீப்பாய் வெக்கிறேன், கீழ அவன் புல்லுக்குப் பாய்ச்சுறான், நான் லாரிக்காரன் கால்ல விழுறேன் என்று கத்தினேன். கத்தியது சரிதான், இன்றைக்கும் கத்துவேன். முப்பது வருஷமாக அந்தக் கடற்கரை மாடிகளுக்குச் சுவர் எழுப்புகிறவன் நான், எந்தத் தளத்தில் எத்தனை குழாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்களோடு வந்த சின்ன வயது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காய்ச்சலுக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க என்று கேட்டபோது கத்த முடியவில்லை. ஆஸ்பிரின் என்றேன். இந்தக் காய்ச்சலுக்கு அது ஆகாதுங்க, ரத்தக்கசிவை அதிகமாக்கிரும், குடுக்காம இருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது என்றார். நல்ல பெண், எனக்காகத்தான் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தார். அந்த ஞாயிறு நீ ஃபோனில் குளிரைத் திட்டினாய், கம்பளியைச் சொல்லி உன்னையே திட்டிக்கொண்டாய். நான் ஆமாம் மகளே, இந்த வருஷம் பயங்கரக் குளிர் என்றேன். மூன்று ஞாயிறு அப்படியே சொன்னேன். என் பாரத்தை உன் தோளில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

நீ அந்தக் கம்பளியை மே மாதமே அனுப்பியிருந்தால் அதையும் அவள் காய்ச்சலின் மேல் நான்தான் போர்த்தியிருப்பேன். புரிகிறதா? உன்னிடம் ஒரு தப்பும் இல்லை. மூடியைத் திறந்ததும் நான், மாத்திரை கொடுத்ததும் நான், நம்மைத் தண்ணீரில்லாமல் மலைமேல் விட்டது இந்த ஊர். ஆத்திரப்பட வேண்டுமானால் என் மேலும் இந்த ஊர் மேலும் படு. போன வாரம்தான் பனி இறங்கியது. வலைகள் சொட்டச் சொட்டப் பெய்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் மலை தெரியவில்லை. வலைக்குக் கீழே பீப்பாய் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அது மண்ணிலேயே போகிறது. உன் அம்மாவை மேட்டுக் கல்லறையில்தான் வைத்திருக்கிறது, தொமித்திலா செவ்வாய் தோறும் போகிறாள், நானும் போகிறேன், தனித்தனியாகப் போகிறோம்.

ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு நீ அந்த அலுவலகத்தில் இருக்க வேண்டும். முந்தின நாளே காகிதங்களை எடுத்து வை, இரண்டு நகல் எடுத்துக்கொள், பசியோடு வரிசையில் நிற்காதே. அந்தக் கிழவியைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரத்துக்கு ஃபோனோடு இருப்பேன். கூப்பிட முடியவில்லை என்றால் பரவாயில்லை, அடுத்த ஞாயிறும் இருப்பேன், அதற்கடுத்ததும் இருப்பேன். திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் சரி, இந்த முறை பேச்சை மாற்ற மாட்டேன். கடவுளும் உன் அம்மாவும் உன்னைக் காப்பார்கள். உன் கை வேலையும் உன் காகிதமும் நிலைக்கட்டும், உன் பிள்ளைகள் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கட்டும்.

உனக்கு இன்னும் அப்பாவாக இருக்க விரும்பும்,
அபெலினோ