மடித்து வைத்த வெட்சூட்

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாடையையும் மீறிக்கொண்டு ரப்பர் வாடை அடித்தது. பட்டுப் புடவைகள் அடுக்கியிருக்கும் கடை பீரோவில் அப்படி ஒரு வாடைக்கு உன்னைத் தவிர யார் காரணம்? கீழ்த்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி, நீ கடலில் முழுகப் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடை, உன் வெட்சூட். நீ போன பிறகு உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தது. "வீட்ல இத பாத்துகினு இருக்க முடிலண்ணா. நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

உன் மகளுக்காகத்தான் எடுத்தேன். ஸ்ருதி இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள், தெரியுமா? புதுச்சேரியில் முக்குளிக்கப் பயிற்சியும் முடித்துவிட்டாள். நாம் போகும் அதே பாறைப் பக்கம் கடலில் இறங்க வேண்டுமாம். "அப்பா சூட்டத்தான் போட்டுக்குவேன் மாமா. கயாக் படக நீங்கதான் ஓட்டணும்" என்று போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

துணியைப் பிரித்தேன். சூட் மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். தோள் தையலில் பசை விட்டுப்போய் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தெரிந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? புடவையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை உடைந்துவிடும் என்று புடவைகளை அவ்வப்போது பிரித்து மடிப்பு மாற்றுவோம் இல்லையா, அப்போதெல்லாம் உன் சூட்டையும் பிரித்து, மாற்றி மடித்து, புது அந்துருண்டை போட்டு வைத்தேன். அதை மடிக்கவே கூடாதாம். நிழலில், தடித்த ஹேங்கரில் தொங்கவிட வேண்டுமாம். ஆரணி வெயிலில் இரும்பு பீரோவுக்குள் அது வெந்தே போயிருக்கிறது. வீட்டில் எந்தப் பொருளையும் நான் இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லையடா.

முன்பு நாம் சென்னைக்குப் போய் வெட்சூட் வாங்கிய கூத்தை நினைத்துக்கொண்டேன். நான் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன். பட்டா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்தி மோந்து பார்க்கிற பழக்கம் எனக்கு. அந்த நினைப்பிலேயே கடைக்காரரிடம், "ஓரமா ஒரு எடத்துல கொளுத்திப் பாக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சூட்டைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னாடா பேஜார் பண்ற? இது முகூர்த்தப் பொடவையா? ஜல்தியா சைஸ சொல்லு" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

எது வாங்குவது என்பதிலும் சண்டை. துடுப்புப் போட்டுக்கொண்டே தூண்டில் வீச எனக்குத் தோள் விடுபட்டிருக்க வேண்டும். கை இல்லாததுதான் வசதி. உனக்கு மீன் பிடிக்கிற எண்ணமே கிடையாது. ஜைன வீட்டுப் பிள்ளை, மீனைப் பார்க்க மட்டும் கடலுக்கு வந்தவன். கீழே குளிரும், சொறி மீன் பட்டால் அரிக்கும், பாறை உரசும் என்று முழுக்கை சூட் எடுத்தாய். "ஒனக்கு மேல ஒக்காந்துகினு இருக்கணும். எனக்குக் கீழ போவணும். ரெண்டுக்கும் ஒரே சூட்டு ஆவாதுடா" என்றாய்.

நான் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தேன். முதல் நாளே கயாக் கவிழ்ந்தது. கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்து, குடம் மாதிரி வயிற்றோடு நான் தத்தளித்தேன். "உள்ள வந்த தண்ணி அங்கியே நிக்கணும். அதுதான் சூடாவும். நீ ஆறே ஓட வுடற" என்று சிரித்துக்கொண்டே இழுத்து ஏற்றினாய். என் தூண்டிலில் மீன் மாட்டினால் போதும், பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கம் குதித்துவிடுவாய். "பட்டுப் புழுவயும் கொல்ற, மீனயும் கொல்ற. எனக்கு வேற ஃப்ரெண்டே கெடைக்கலியா?" என்பாய். ஆனால் அடுத்த வாரம் காரை எடுத்துக்கொண்டு என் வாசலில் முதல் ஆளாக நிற்பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ருதியோடு உன் மனைவியும் வந்தாள். கடல் என்றாலே முகம் சுளிப்பவள். அவள் முன்னால் சூட்டை விரித்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஸ்ருதி சூட்டை எடுத்துக்கொண்டாள். உடுத்தியிருந்த உடைமேலேயே அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கைநுனி விரலை மூடியது. கழுத்தில் என் கை முழுதாக நுழையும்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த ரப்பரில் அவளுக்கு நீ இருக்கிறாய், எப்படிச் சொல்வது? அதற்குள் உன் மனைவி எழுந்து போய் அவள் முதுகு ஜிப்பை இறக்கினாள்.

"கழட்டும்மா. இது அவரு ஒடம்புக்கு வாங்குனது. ஒனக்கு ஒன் அளவுல வாங்கு. கிழிஞ்சத மாட்டிகினு கடலுக்குப் போறதுன்னா நான் வுட மாட்டேன்."

"நல்லதா போட்டுக்கினா வுடுவியா?" என்றாள் ஸ்ருதி.

"அண்ணா கூட வந்து பாத்து வாங்கித் தரட்டும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும். அவ்ளோதான்."

அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சூட் கெட்டுப்போனதற்காக அந்த நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவாயா? நன்றாக இருந்திருந்தால் அந்தத் தொளதொளப்போடுதான் அவளை இறக்கியிருப்பேன்.

ஸ்ருதியோடு போன சென்னைக் கடையில் என் விரல் தன்னால் துணியைத் தேய்க்கப் போனது, அடக்கிக்கொண்டேன். அவளைக் கையைத் தூக்கச் சொன்னேன், குந்தச் சொன்னேன், துடுப்பு இருப்பதாக நினைத்து வலிக்கச் சொன்னேன். கழுத்திலும் இடுப்புப் பள்ளத்திலும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். புது சூட்டில் நெஞ்சிலும் முதுகிலும் தடிமன், தோளிலும் கையிலும் மெல்லிசு, ஜிப் முன்பக்கம். உட்கார்ந்து வலிக்கலாம், இறங்கி முழுகவும் செய்யலாம். நம் சண்டைக்கு யாரோ தீர்ப்பு எழுதி விற்கிறார்களடா.

இன்று காலை கடல் அசையாமல் கிடந்தது. நம் பாறைக்குப் பக்கத்தில் கயாக்கை நிறுத்தினேன். ஸ்ருதி மிதவையைக் கட்டிக்கொண்டு, உன்னைப் போலவே நழுவி இறங்கினாள். காலில் மாட்டிய துடுப்பு மட்டை தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. நீ முழுகும்போதெல்லாம் மேலே நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வரும்வரை விடக் கூடாது என்று ஒரு வைராக்கியம். ஒருநாளும் ஜெயித்ததில்லை; பாதியிலேயே வாயைப் பிளந்துவிட்டு, நீ தலை தூக்கும்போது தூண்டிலைப் பார்ப்பதுபோல் இருப்பேன். வேலூர் ஆஸ்பத்திரியில், குழாய் மாட்டி நீ படுத்திருந்த கடைசி நாளிலும் கட்டில் பக்கத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நீ மேலே வரவில்லை. நான்தான் மூச்சு விட வேண்டியிருந்தது. அதன் பிறகு எனக்குச் சரியாக மூச்சே வந்ததில்லையடா.

இன்றும் மூச்சை அடக்கிக்கொண்டேன்; காதில் இரைச்சல் ஏறியது. கண் இருட்டியது. தண்ணீர் மேல் மிதவை மட்டும் நின்றது. அப்புறம் கயாக்குக்கு ஒரு கை தூரத்தில் அவள் தலை வெளியே வந்தது. முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரு தரம் நிதானமாக மூச்சு வாங்கி, என்னையே பார்த்தாள்.

"முழுகுனது நானு. ஒங்களுக்கு எதுக்கு மாமா இப்டி மூச்சு வாங்குது?"

ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி முழுகத் தயாரானாள். நானும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.