தொட்டிலுக்குச் சிறுத்த பாலன்

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்
3-12-1972

அன்பு மகள் கிரேசிக்கு,

அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம். லூதியானா குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் இங்கே எந்நேரமும் பேச்சு. கம்பளி போதுமா, நைட் டியூட்டிக்குக் காலுறை போட்டுக்கொள்கிறாயா, தினம் சப்பாத்தி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா. உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் நாளைக் கடத்திவிட்டேன். வேலை அதிகம் என்று எழுதலாம், பொய்யாகிவிடும். எழுத உட்காருவதும் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

மலையாளப் பெண்களோடு சேர்ந்து ஹாஸ்டலில் குடில் கட்டுகிறோம், என் பாலனை அப்பா செய்த தொட்டிலோடு அனுப்பு என்று கேட்டிருந்தாய். உன் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் அன்னமேரி வேளாங்கண்ணியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த சேசு பாலன் சுரூபம் அது. வருஷா வருஷம் நீதான் தொட்டிலில் கிடத்துவாய், வேறு யாரையும் தொட விட்டதில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் கண்ணு, கோபப்படாமல் கடைசி வரை படி.

நீ போன பிறகு எனக்குப் பீங்கான் பைத்தியம் முற்றிவிட்டதென்று அப்பா உனக்கு எழுதியிருப்பார். பீங்கான் கம்பெனிகள் இருக்கும் எஸ்டேட் ஓரமாக மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த உடைந்த கோப்பைக் குவியல் முன்னால் நின்றுவிடுவேன். கல்லூரியில் படித்த கெமிஸ்ட்ரி எல்லாம் கல்யாணத்தோடு பெட்டிக்குள் போய்விட்டது, வெள்ளைக் களிமண் நெருப்பில் இப்படி ஆகிறதே என்று பார்த்ததும் அது மறுபடி எழுந்துகொண்டது. பொம்மைக் கம்பெனியில் வேலை செய்யும் பூவாயி லீவு நாளில் வந்தாள், இருவருமாகப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகையைக் கழுவி, பலகை அடித்து, களிமண் கூழ் கரைக்கத் தொட்டி வைத்தோம். சூளை நமக்கு இல்லை, ராஜமாணிக்கம் சூளையில் வாடகைக்கு இடம் வாங்கிச் சுட்டுக்கொள்கிறேன். முதலில் செய்த சோப்புப் பெட்டியெல்லாம் விரிசல் விட்டுப்போனது. பிறகு நன்றாக வந்தது, ஆனால் யானையும் தலையாட்டும் செட்டியார் பொம்மையும் ஊரே செய்கிறது, நமக்கென்று ஒரு உருவம் வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் டிரங்குப் பெட்டியில் உன் பாலன் கண்ணில் பட்டார். அவரை வைத்து அச்சு எடுக்கலாமா என்று உன்னைக் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பாய் என்றும் நினைத்தேன். அதனால்தான் கேட்கவில்லை. இதை எழுதும்போதே கூசுகிறது.

பாலன் பிளாஸ்டரில் செய்தவர். அச்சு எடுக்க அவர்மேல் ஊற்றுவதும் பிளாஸ்டர்தான். இடையில் சோப்பைக் குழைத்துத் தடவாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கை, கால், முதுகு எல்லாம் தடவினேன். முகத்துக்கு வந்ததும், நீ முத்தம் கொடுத்துக் கொடுத்து மங்கிய கன்னமும் அந்தக் கண்ணின் மையும் கெட்டுவிடுமே என்று பட்டும் படாமல் ஒற்றி எடுத்தேன். பூவாயி நல்லாப் பூசுங்கக்கா என்றாள், போதும்டி என்றேன். அச்சைப் பிரித்தபோது உடம்பு முழுசாக வந்தது, முகம் அச்சோடு போய்விட்டது.

அச்சுக்குள் ஒட்டியிருந்ததை ஊசியால் சுரண்டி எடுத்தேன், அதில் அச்சின் முகமும் மழுங்கிப்போனது. அதனால் ஊற்றி எடுக்கும் ஒவ்வொரு பாலனுக்கும் ஈரம் காய்வதற்குள் முகத்தை நானே கையால் கீறுகிறேன். பழைய முகம் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை கிரேசி, இத்தனை வருஷம் வீட்டில் இருந்த முகம். ஊசியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் பால் குடித்துவிட்டு வாய் லேசாகத் திறந்து தூங்குவாயே, அதுதான் வந்தது. திட்டக்குடி மடத்திலிருந்து வந்த சிஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்து, இந்தக் கொழந்த நெசமாவே தூங்குதுங்க என்று சொல்லித் தங்கள் கோயிலுக்கும் கிளைக் கோயில்களுக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டார்கள். வாசலில் பலகை மாட்டலாமா என்று அப்பா கேட்கிறார். உன் பொருளை உடைத்ததில்தான் எனக்கு இந்தப் பிழைப்பு அமைந்தது, சந்தோஷப்படவும் முடியவில்லை.

இதைவிட மோசம் ஒன்று. உன் கடிதம் வந்ததும் புதுப் பாலன் ஒன்றுக்குப் பழையவரின் துணியில் இருந்த அதே நீலத்தைப் பூசி, அதுதான் இது என்று அனுப்பிவிடப் பார்த்தேன். பார்சல் ஆபீசிலிருந்து மரப்பெட்டி கொண்டுவந்த அப்பா, ஆணி அடிப்பதற்கு முன்னால் பாலனைத் தொட்டிலில் வைத்துப் பார்த்தார். சுற்றிலும் இடம். களிமண் காயும்போதும் சுருங்கும், சூளையிலும் சுருங்கும், படித்தவள் எனக்குத் தெரியாததா, ஆனாலும் தொட்டிலை மறந்துவிட்டேன். என்னா சிசிலி, ஆண்டவரு இப்படி இளைச்சிப் பூட்டாரு, பட்டினி போட்டியா என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, பழசு எங்க இருக்குது என்றார். எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி முகம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம், தெனம் கைக்கொழந்தைங்கள எடை போடற புள்ள அவ, அவளயா ஏமாத்தப் பாக்கற என்றார், அவ்வளவுதான் சொன்னார்.

அதனால் இரண்டையும் அனுப்புகிறேன். பழையவர் உன் சின்னப் பாவாடையில் சுற்றியிருக்கிறார், திறக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள். எவரைக் கிடத்துவது என்பது உன் இஷ்டம். திட்டக்குடிக்கு ஒப்புக்கொண்டதைக் கொடுத்தாகிவிட்டது, இனி ஊற்றுவது உன் பதிலைப் பார்த்துத்தான். வேண்டாம் என்று நீ எழுதினால் அச்சை உடைத்துவிடுவேன். வருத்தப்பட மாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை, வருத்தப்படுவேன், ஆனாலும் உடைப்பேன்.

ராத்திரி ஜெபத்தை விட்டுவிடாதே. ஈரத் தலையோடு வார்டுக்குப் போகாதே. பிறக்கப்போகும் பாலன் உன்னையும் நீ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக, அப்பாவின் முத்தமும் என் முத்தமும். புதுப் பாலனைத்தான் கிடத்துவாயானால் தொட்டிலில் வைக்கோல் கொஞ்சம் கூடுதலாகப் போடு, இல்லாவிட்டால் ஒரு பக்கமாக உருண்டுவிடுவார்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அம்மா
சிசிலி அமிர்தசாமி