கோடு போட்ட நோட்டு

மார்ச் 11, 2024

மூன்றாம் அறைக்காரர்கள் காலையில் காலி செய்தார்கள். படுக்கை விரிப்பில் சிவப்பு ஒயினைக் கொட்டி, அதன்மேல் துண்டைப் பரப்பி மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழந்தை படுக்கையை நனைத்தால்கூட எழுந்து அழும். இவர்கள் கையாட்டி ‘பை’ சொன்னார்கள்.

இதை மெஹரூன்னிசாவிடம் நடித்துக் காட்டினேன். இந்த விடுதியில் அவள் சமையல், நான் அறை சுத்தம். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“ஏய் பொன்னி, நீ ஏண்டி பெட்ஷீட் தொவச்சிக்கினு கெடக்குற? அந்தக் காபிக் கடையில ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மைக்கப் புடிச்சிக்கினு சிரிக்க வெக்கிறேன்னு பசங்க ஒளறுதுங்களே, அங்க போயேன்.”

நாற்பத்து நான்கு வயது. பத்தாவது ஃபெயில். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். நான் போய் என்ன ஒளற?

மார்ச் 24

போனேன். மெஹரூன்னிசா இழுத்துக்கொண்டு போனாள்.

காபிக் கடையில் நிகழ்ச்சி நடத்துகிற பையன் பெயர் ஃபாரிஸ், புதுச்சேரிக்காரன். “அக்கா, பார்க்க வந்தீங்களா?” என்று கேட்டான். “பேச வந்திருக்காங்க” என்று மெஹரூன்னிசா முந்திக்கொண்டாள்.

மைக்கைப் பிடித்தேன். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். யாரோ வீட்டு அம்மா வழிதவறி வந்துவிட்டாள் என்பதுபோல் பார்த்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“எங்க ஊரு மரக்காணம் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் உப்பளத்துல கூலி. எங்க வீட்ல உப்புக்குப் பஞ்சமே வந்ததில்ல. அதப் போட சோறுதான் இல்ல.”

சிரித்தார்கள். அந்தச் சத்தம் முதுகுத்தண்டில் ஏறியது.

“எங்கப்பா குடிச்சிட்டு வந்தாருன்னா யார மொதல்ல அடிக்கறதுன்னு அவருக்கே கொழப்பம். வரிசையில நில்லுங்கன்னுவாரு. ரேஷன் கடையில கூட நாங்க அவ்ளோ ஒழுங்கா நின்னதில்ல.”

இதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். கையும் தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள்? அடித்ததற்கா, நின்றதற்கா?

ஏப்ரல் 2

சிரிப்பும் ஒரு போதைதான். எங்கள் குடும்பத்துக்கு இது ஒன்றுதான் பாக்கி.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. ஊருக்குப் போய் வந்தேன். பேருந்து வழியில் கீழ்புத்துப்பட்டைத் தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றும். இன்றும் அப்படித்தான்.

அப்பா கட்டிலில். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒருபுறம் கோணல். அம்மா சோற்றைக் குழைத்து ஊட்டுகிறாள். அவர் மீதி இருக்கிற பாதி வாயால் அவளைத் திட்டுகிறார். அவள் துடைத்துவிட்டு அடுத்த கவளத்தை வைக்கிறாள்.

“கடவுள் சரியான கையாப் பாத்துதான் எடுத்திருக்கார்மா” என்றேன்.

“கம்முனு இருடி. அவருக்குக் கேக்கும்.”

வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் விசாரிக்கிறார்கள். “சுப்ராயன் இல்லாம அளத்துல ஒரு சிரிப்பு இல்லம்மா.” உண்மைதான். வெயிலில் எல்லாரும் உப்பு வாரும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் எரிகிற எரிச்சலை மறந்து பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஜனங்கள் சோர்ந்துவிடக் கூடாது என்று மேஸ்திரி அவரை எப்போதும் நடுவில் நிறுத்துவார். என் அம்மா மங்கம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். “ஒனக்கு சிரிக்கவே தெரியாதாடி?” என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அவருடைய சிரிப்பெல்லாம் அளத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு வருவது வேறு ஆள்.

மே 19

இன்று அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்ல நினைத்துப் போகவில்லை.

நாலாம் வகுப்பு. சட்டை பின்னால் கிழிந்திருந்தது. டீச்சர் என்னைத் திருப்பி நிறுத்தி, “முதுகுல என்னடி கோடு கோடா?” என்று கேட்டார். முந்தின நாள் அப்பா சைக்கிள் டியூபால் விளாசியது.

நான் சொன்னேன்: “கோடு போட்ட நோட்டு வாங்க வசதியில்ல டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். “வாயாடி, போய் உக்காரு” என்று பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஒன்பது வயதில் நான் அடித்த முதல் ஜோக் அது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நான் சிரிக்க வைக்காமல் இருந்திருந்தால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பாரோ?

காபிக் கடையிலும் அதே சிரிப்புதான். ஃபாரிஸ் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

மே 27

ஃபாரிஸ் போட்ட வீடியோ எங்கெங்கோ போய்விட்டதாம். “அக்கா, வேற லெவல்!” என்கிறான். ‘உப்பளத்திலிருந்து நேராக மேடைக்கு’ என்று மேலே எழுதியிருக்கிறான். நான் அளத்தை விட்டு இருபது வருஷம் ஆகப்போகிறது, தம்பி, நான் நேராக வந்தது கக்கூஸ் கழுவிவிட்டு என்றேன். “அது அவ்ளோ நல்லா இருக்காதுக்கா” என்றான்.

கீழே நிறையப் பேர் என் தைரியத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட டியூப் எந்த சைக்கிளுடையது என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற அதே சைக்கிள்தான்.

ஜூன் 6

தம்பி அறிவழகன் போன் செய்தான். போன் என்று சொல்ல முடியாது. கத்தல்.

“குடும்பத்த நாறடிச்சிட்ட இல்ல? எம் பொண்ணு தமிழ்நிலாவ பொண்ணு பாக்க ஆளு வர்ற நேரம். மாப்ள வீட்டுக்காரங்க வீடியோவ பாத்துட்டு பேச்சையே மாத்தறாங்க. அப்பா அடிச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்க. எந்த வீட்ல அப்பன் அடிக்கல?”

“ஒன்னையும்தானடா அடிச்சாரு.”

“என்னை ஒண்ணும் அடிக்கல” என்று வைத்துவிட்டான்.

ஜூன் 9

ஊருக்குப் போனேன். தமிழ்நிலாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவள் கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்தாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் சொம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அப்பா கட்டிலிலிருந்து கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் அவருக்கு வீடியோவைக் காட்டியிருக்கிறான். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பயந்தேன் என்றே எழுதலாம். வலது கை செத்துக் கிடக்கிற மனிதனைப் பார்த்து இந்த வயதில் பயந்தேன்.

அவர் சிரித்தார்.

கட்டில் ஆட ஆடச் சிரித்தார். கோணல் வாயில் எச்சில் ஒழுகியது. “கோ...டு போட்ட... நோட்டு!” கண்ணில் தண்ணீர். “எம் பேச்சு... அப்படியே எம் பேச்சுடி ஒனக்கு.”

ஜூன் 10

வேலைக்குப் போகல. உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

இந்த மனுஷன் எப்படிச் சிரிக்கலாம்? உலகத்துல யாரு வேணா சிரிச்சிட்டுப் போவட்டும், அவருக்கு மட்டும் அந்த உரிமை இல்ல. என் முதுகு. என் வாய். அதுலயும் வந்து பங்கு கேக்கறாரு. எம் பேச்சாம்!

அதவிட எரிச்சல் — அவரு சொல்றது பொய்யில்ல. ஒரு வார்த்தைய எங்க நிறுத்தினா ஜனம் சிரிக்கும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? அளத்துல அவரு பின்னாடி நின்னுக்கினு கேட்டுக் கேட்டு வந்ததுதானே. அவருகிட்டயிருந்து எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். அதையும் தூக்கிப் போடணுமா?

ஜூலை 21

சென்னை. ஃபாரிஸ் ஏற்பாடு செய்த பெரிய நிகழ்ச்சி. குளிரூட்டிய அரங்கம். ஏறுவதற்கு முன், “அக்கா, அந்த அப்பா மேட்டர் மட்டும் போதும். இன்னும் கொஞ்சம் இறங்கி அடிங்க” என்றான். இறங்கி அடிக்க வேண்டுமாம்.

ரேஷன் கடை ஜோக்வரை சொல்லிவிட்டேன். டீச்சர் என்னைத் திருப்பி நிறுத்துகிறார். “முதுகுல என்னடி” என்று சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் அடுத்து வரப்போவது தெரிந்து, நான் சொல்வதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்பாவின் சிரிப்பாகக் கேட்டது. மீதியைச் சொல்ல வரவில்லை. மைக்கைத் தாங்கியில் செருகிவிட்டு இறங்கிவிட்டேன். அதுவும் ஜோக் என்று நினைத்துக் கொஞ்சம் பேர் கைதட்டினார்கள்.

இனி போவதில்லை.

ஆகஸ்ட் 20

அப்பா விடியற்காலையில் போய்விட்டார். மெஹரூன்னிசா, “அழுதுடுடி, லேசா இருக்கும்” என்றாள். வரவில்லை. குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

செப்டம்பர் 4

கருமாதி முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் பந்தலில் உட்கார்ந்து அப்பாவின் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி வெங்கடாசலம் அவர் குரலிலேயே பேசிக் காட்டினார். பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பந்தலே குலுங்கியது. “சுப்ராயன் மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறக்கணும்” என்றார் ஒருவர். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவேண்டிய இடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரிப்பு என் தொழில் என்று போன என் முகம் மட்டும் கல்லாக இருக்கிறது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கத்தவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்கிற குரல்தான்.

“வெளிய எல்லாரையும் சிரிக்க வெச்சாரு. இல்லன்னு சொல்லல. வீட்டுக்கு வந்தா அடிச்சாரு. சொல்றதுன்னா ரெண்டையும் சொல்லுங்க.”

வெங்கடாசலம், “இன்னைக்குப் போய் ஏன் மங்கம்மா...” என்று இழுத்தார்.

“இன்னைக்கு விட்டா என்னைக்குங்க? ஒங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு சொவுருதான. ஒங்களுக்குக் கேக்கலியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அறிவழகன் எழுந்தான். அம்மாவைத்தான் அடக்கப்போகிறான் என்று நான் குறுக்கே போனேன். அவனுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சலில் போனது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவன் பெண்டாட்டிக்கே அப்படித்தான் தெரியும். அவன் அந்தக் காதைத் தொட்டான்.

“காய்ச்சல் இல்ல” என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 5

கிளம்பும்போது அம்மாவிடம் கேட்டேன். “வீடியோ பாத்துட்டு என்கிட்ட ஏம்மா பேசல?”

“அவரு அடிச்சத சொன்ன. அப்ப நான் எங்க இருந்தேன்னு சொன்னியா? கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? பெத்தவ பாத்துக்கினு நின்னான்னுதான. அந்த டியூப்பு ஒம்மேல படறதுக்கு முன்னாடி எத்தினி எம்மேல பட்டுதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று நான் ஒரு தடவைகூட மேடையில் சொன்னதில்லை.

“என்கூட வந்துடும்மா” என்றேன். யோசிப்பாள் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அக்டோபர் 3

தமிழ்நிலா போன் செய்தாள். சம்பந்தம் முறிந்துவிட்டது.

“அந்தப் பையன் போன் பண்ணான் அத்த. ‘உங்க வீட்ல எல்லாருமே இப்படி வெளிய சொல்லிடுவீங்களா’ன்னு கேட்டான். ஆமா, எதுனா பண்ணா சொல்லிடுவோம்னேன். வெச்சிட்டான்.”

எனக்குத் துக்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் சிரித்துக்கொண்டேதான் பேசினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். என்னால் போனது என்று நினைக்கிறாளா என்று கேட்டேன். “கொஞ்சம்” என்றாள். அந்தக் கொஞ்சம் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது. அறிவழகன் இன்னும் என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 20

மழை. விடுதியில் ஆள் இல்லை. ஃபாரிஸ் மறுபடி கூப்பிட்டிருக்கிறான். நானும் அம்மாவும் இருக்கிற அறையில் பேசிப் பார்த்தேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“இதுக்கு சிரிப்பு வரல” என்றாள். “அடுத்தது சொல்லு.”

அடுத்ததற்கும் வரவில்லை. மைக் இல்லாத இந்த அறையில்தான் இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே கொடுமையான கூட்டம்.

நவம்பர் 17

காபிக் கடையில் மறுபடி பேசினேன். ‘உப்பளம்’ என்று சொல்லி அழைக்கக் கூடாது, பெயரைச் சொன்னால் போதும் என்று ஃபாரிஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை வரிசையில் முதலாவதாக நின்றவளைப் பற்றிச் சொன்னேன். பாதி இடங்களில் யாரும் சிரிக்கவில்லை. நான் நிறுத்தவில்லை. கடைசிவரை சொல்லிவிட்டு இறங்கினேன். அறிவழகன் வரவில்லை. வருவான் என்று எதிர்பார்த்ததும் இல்லை. அப்பா மீது கோபம் போயிருக்கிறதா என்று பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும்.

நவம்பர் 26

அம்மா இங்கே வந்த நாளிலிருந்து வாசற்படியை ஒட்டித்தான் பாயைப் போடுவாள். சாரல் அடிக்கிறது, உள்ளே வா என்றால் வர மாட்டாள். ஓடுவதற்கு வசதியாகப் படுத்துப் பழகிய உடம்பு என்பது எனக்கே மெதுவாகத்தான் புரிந்தது.

இன்று மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். பாய் உள்சுவர் ஓரம் கிடந்தது. அம்மா மல்லாந்து, கைகால் பரப்பி, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். குறட்டை தெருவரைக்கும் கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியில் உட்கார்ந்திருந்தேன்.