பூட்டிய வீட்டில் ஒரு குட்டிக் கள்ளி

ஓஸ்ட்ராவா,
செவ்வாய் காலை.

அன்புள்ள வ்லாஸ்தா அக்காவுக்கு,

ஹெட்விகா எழுதுகிறேன். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்தை என் வீட்டுக்காரர் லூபோஷ் எனக்கு வாசித்துக் காட்டினார். கசகசா ரொட்டி கருகிய கதையைக் கேட்டுச் சிரித்தேன். நான் போனை எடுப்பதே இல்லை என்று கோபித்திருந்தாயாம். பழுது என்று அவர்தான் கொண்டுபோனார், இன்னும் திரும்பவில்லை.

இங்கே பனி விடவில்லை. சந்தையில் மயங்கி விழுந்ததிலிருந்து நான் வெளியே போவதில்லை. பால், உருளைக்கிழங்கு எல்லாம் அவரே வாங்கி வருகிறார்.

தபால் நிலைய வேலையை விட்டபோது தோழிகள் கொடுத்த கள்ளிச்செடி நினைவிருக்கிறதா? கட்டைவிரல் பருமனில் உருண்டை உருண்டையாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்குமே. வேறு வேலை இல்லாததால் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அடியில் குழைந்துவிட்டது. மேல்மாடி யார்மிலா பல் வைத்தியர். பால்கனி முழுக்கக் கள்ளி வளர்க்கிறவர். பால்கனியில் நின்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். உடனே இறங்கி வந்து மணி அடித்தார்.

"கதவைத் திறங்க, பார்த்தாலே என்ன செடின்னு சொல்லிடுவேன்" என்றார். சாவி லூபோஷிடம் இருக்கிறது என்றேன். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்: "முள்ளு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கா?" இல்லை, வெள்ளையாக நட்சத்திரம்போல விரிந்திருக்கிறது என்றேன். "தொட்டா குட்டி உதிருதா?" விரல் பட்டாலே உதிர்கிறது என்றேன். "அப்போ மமில்லேரியாதான். பயப்படாதீங்க, லேசுல சாகாது" என்றவர், அதே குரலில், "தினமும் பூட்டிட்டுத்தான் போறாரா?" என்று கேட்டார். என் நல்லதுக்குத்தான் என்று லூபோஷ் சொல்வதையே நானும் சொன்னேன்.

அழுகாத குட்டிகளை எடுத்துக் காயம் உலர விட வேண்டுமாம். பருமணலில் வைத்தால் வேர் விடுமாம். குளிர்காலம் முடியும்வரை தண்ணீர் காட்டக் கூடாது. குளிர்ந்த, வெளிச்சமான ஜன்னல் போதும். மணலை ஒரு துணிப்பையில் கட்டி மேலிருந்து கயிற்றில் இறக்கினார். அவர் சொன்னபடியே செய்தேன். மூன்று குட்டிகள் பிடித்துக்கொண்டன.

போன வாரம் லூபோஷ் தொட்டியைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை, அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. "இந்த மணல் எப்படி வந்துச்சு? யார் வந்தா?" என்று நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை என்றேன். அது பொய்யில்லையே. மறுநாள் பால்கனிக் கதவுக்கும் பூட்டு வாங்கி வந்தார். "உனக்கு என்ன குறை வச்சேன், சொல்லு" என்று அழுதார். அவர் அழுவதைப் பார்த்தால் எனக்கு இப்போது இரக்கம் வருவதில்லை, அக்கா. பயம்தான் வருகிறது.

சமையலறை ஜன்னலுக்கு இன்னும் பூட்டு இல்லை. யார்மிலாவின் கயிறு அங்கே எட்டுகிறது. இந்தக் கடிதத்தை அந்தப் பையில்தான் வைத்து அனுப்பப்போகிறேன். பதிலை என் பெயருக்குப் போடாதே. பின்பக்கத்தில் யார்மிலாவின் முகவரி இருக்கிறது.

மாசி பிறந்தால் செடி வெளிர் மஞ்சளாகப் பூக்கும் என்கிறார். அதுவரை காத்திருக்க வேண்டாம், அக்கா. வேலை நாளில், மதியத்துக்கு முன்னால் வா. முதலில் யார்மிலா வீட்டுக்குப் போ. பூட்டுத் திறக்கும் ஆளை அவர் பேசி வைத்திருக்கிறார்.

உங்கள் ஊரிலும் குளிர்தானே? உன் பழைய கோட்டு ஒன்று கொண்டுவா. காலணியும். நம் இருவருக்கும் ஒரே அளவுதான்.

கடவுள் உன்னைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
ஹெட்விகா